ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் பாட்டுப்பெட்டி

அனுப்புநர்:
கு. வெள்ளைத்தாய், க/பெ. குருசாமி,
சத்துணவு அமைப்பாளர்,
உடைக்குளம் கிராமம், புதூர் வழி,
விளாத்திகுளம் வட்டம்.

பெறுநர்:
மோட்டார் வாகன ஆய்வாளர் அவர்கள்,
கோவில்பட்டி.

பொருள்: வாடகை அம்பாசிடர் கார் ஒன்றில் அளவுக்கு மிஞ்சி ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் பொருத்தியதால் ஸ்டெப்னிக்கும் ஆளுக்கும் இடமில்லாமல் போனது – வரும் 15ஆம் தேதி எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு வரும்போது கேட்க வேண்டியதைக் கேட்குமாறு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் பதினாறு ஆண்டுகளாகச் சத்துணவுக் கூடத்தில் பணிபுரிந்து வருகிறேன். அரிசி, முட்டை பற்றி மாதாமாதம் அலுவலகத்துக்கு எழுதிப் பழகியவள். வாகனம் பற்றி எழுதுவது இதுவே முதல் முறை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. பொருளில் கண்ட வெள்ளை அம்பாசிடர்தான் எங்கள் ஊரில் இருக்கும் ஒரே கார். அதன் உரிமையாளரும் ஓட்டுநருமான திரு. செல்வக்குமார் என் மகள் இந்துஜாவின் கணவர். தங்கமான பிள்ளை. பீடி, சிகரெட் கிடையாது. சவாரிக்கு வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை கூடப் பேச மாட்டார். பாட்டு ஒன்றுதான் பழக்கம். மற்ற பழக்கமெல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்பை அது ஒன்றே இழுக்கிறது.

3. கார் வாங்கியபோது அதில் ஒரு டேப்பும் இரண்டு ஸ்பீக்கரும் இருந்தன. ஊருக்கே கேட்டது. அவருக்குப் போதவில்லை. முதலில் பின்கண்ணாடிக்குக் கீழே முட்டை வடிவத்தில் இரண்டு ஸ்பீக்கர் வந்தன. அவற்றுக்குச் சத்தம் பற்றவில்லை என்று முன்சீட்டுக்கு அடியில் ஓர் ஆம்ப்ளிஃபயர் வந்தது. ஆம்ப்ளிஃபயரைச் சும்மா வைத்திருக்கக் கூடாது என்று நான்கு கதவுகளிலும் ஸ்பீக்கர் வந்தது. எல்லாம் இருந்தும் தாளத்தின் அடி கேட்கவில்லை என்று டிக்கியில் ஆட்டுக்குட்டி படுக்கிற அளவுக்கு ஒரு பேஸ் பெட்டி வைத்தார். அங்கே இருந்த ஸ்டெப்னி வெளியேற்றப்பட்டது. இந்தப் பொங்கலுக்கு இன்னோர் ஆம்ப்ளிஃபயரும் இன்னொரு பெட்டியும் வந்தன. டிக்கியில் இடமில்லாததால் அந்தப் பெட்டி பின்சீட்டில் உட்கார்ந்தது. இன்றுவரை எழுந்திருக்கவில்லை. ஸ்டெப்னி எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. நடுவில் வைக்கோல் போட்டு அதில் கோழியை அடை வைத்திருக்கிறேன்.

இவற்றைப் பொருத்திக் கொடுத்த கோவில்பட்டி முகம்மது ரபீக் அவர்கள் மீது எனக்குப் புகார் இல்லை. "அண்ணாச்சி, இது பழைய பேட்டரி, இதுக்கு மேல தாங்காது. புதுசு வாங்கிட்டு வாங்க, மாட்டித் தாரேன்" என்று அவர் சொன்னாராம். "அடுத்த மாசம் மாத்துதேன், இப்பம் மாட்டுங்க" என்று மாப்பிள்ளை சொன்னாராம். அந்த அடுத்த மாதம் இன்னும் பிறக்கவில்லை.

4. எங்கள் களத்தில் இப்போது மிளகாய் வத்தல் காய்கிறது. கிழக்கே இடி கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வத்தலைக் குவித்து மூடுவது இங்குள்ள பெண்களின் பழக்கம். ஒரு மழை நனைந்தால் வருடத்துப் பாடு போயிற்று. இந்த மாசியில் மட்டும் மூன்று முறை ஓடினோம். வானத்தில் மருந்துக்குக் கூட மேகம் இல்லை. மூன்று முறையும் இடித்துக்கொண்டு வந்தது மாப்பிள்ளையின் கார். பக்கத்துக் களத்து மாரித்தாய் என்னிடம், "ஏட்டி, ஒன் மருமகன் எப்பம் வாராருன்னு மொதல்லயே சொல்லி வையி. சோத்தைப் பாதியில வச்சிட்டு ஓடியாரேன்" என்றாள். இதை நான் புகாராகச் சேர்க்கவில்லை. தங்கள் தகவலுக்காக மட்டும்.

5. புகார் இனிமேல்தான். என் மகள் நிறைமாதமாக இருக்கிறாள். கடந்த பிப்ரவரி 22ஆம் தேதி அவளைக் கோவில்பட்டி மருத்துவமனையில் காட்டிவிட்டுத் திரும்பினோம். அவள் முன்சீட்டில். நான் பின்சீட்டில், பெட்டி விட்ட மிச்சத்தில். புதூருக்கு இந்தப் பக்கம், இரண்டு பக்கமும் வெறும் கரிசல் காடு, இந்துஜாவுக்கு வயிற்றைப் புரட்டுகிறது என்று மாப்பிள்ளை காரை நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். பாட்டை அணைக்கவில்லை. கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருகினால் கார் லேசாக இருமிவிட்டு அடங்கிவிட்டது.

ஐயா அவர்களுக்கு எங்கள் வழக்கம் தெரிந்திருக்கும். மாமியார் மருமகனோடு முகம் பார்த்துப் பேசுவதில்லை. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் கதவுக்குப் பின்னால் நின்று "வாங்க" என்று சொன்னதைத் தவிர நான் வேறு பேசியதில்லை. அன்றும் அவர் எனக்கு மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு, "இந்து, அத்தையக் கொஞ்சம் பின்னால தள்ளச் சொல்லு" என்றார். "எம்மா, தள்ளுவியாம்" என்றாள் அவள். "தள்ளுதேன்னு சொல்லு" என்றேன். அவர் கதவருகே நின்று ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ள, நான் டிக்கியில் கை வைத்துத் தள்ளினேன். வாங்கிய நாள் முதல் அந்தப் பெட்டி வாய் திறக்காமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். ஆனால் கனம் குறையவில்லை. காரும் கிளம்பவில்லை.

ஒரு மணி நேரம் என் மகள் உடைமர நிழலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் செம்மறி ஓட்டி வந்த வெயிலுமுத்து கம்பை ஓரமாக வைத்துவிட்டு வந்து கை கொடுத்தார். கார் கிளம்பியதும் பாட்டும் கிளம்பியது. சாட்சி தேவைப்பட்டால் அவர் வரத் தயாராக இருக்கிறார். ஆடுகளும் கூடவே வரும்.

6. இதை வீட்டிலேயே பேசித் தீர்க்கக் கூடாதா என்று ஐயா கேட்கலாம். என் கணவரை அனுப்பினேன். போனவர் ஒரு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கேக்குது" என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். மகளிடம் சொன்னேன். "எம்மா, அவிய ஆசைப்பட்டது இது ஒண்ணுதானே. அந்த அடி கேட்டா வயித்துல புள்ளையும் அசையுது" என்கிறாள். ஆகவே வீட்டில் எனக்கு ஆள் பலம் இல்லை.

7. பிரசவம் இம்மாதக் கடைசியில் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரிலிருந்து கோவில்பட்டிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். பேருந்து இருக்கிற நேரமாகப் பார்த்து வலி வராது. இந்துஜாவுக்கு முன்னால் எனக்கு ஓர் ஆண் பிள்ளை. மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள். புதூர் சேருமுன்பே வழியில் பிறந்து வழியிலேயே போய்விட்டது. அதே வழிதான் ஐயா. எனக்குப் பயமாக இருக்கிறது. இதற்கு மேல் இந்தப் பத்தியில் எழுத வரவில்லை.

8. எனவே, வரும் 15ஆம் தேதி மேற்படி கார் எஃப்.சி.க்குத் தங்கள் முன் நிற்கும்போது, டிக்கியைத் திறக்கச் சொல்லி, "ஸ்டெப்னி எங்கே?" என்று மட்டும் கேட்க வேண்டுகிறேன். அது டிக்கிக்குள் போனால் பெட்டி தானாக இறங்கிவிடும். அதற்குள் குஞ்சும் பொரித்துவிடும். டயரைத் துடைத்து வைத்திருப்பேன். பின்சீட்டில் ஒருவர் காலை நீட்டிப் படுக்க இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்ஜினை மூன்று முறை அணைத்து மூன்று முறை கிளப்பச் சொல்ல வேண்டும். கிளம்பாவிட்டால் புது பேட்டரி போடாமல் சான்று தரக் கூடாது. மாப்பிள்ளை அரசாங்கத்துக்குக் கட்டுப்பட்டவர். சட்டம் என்று சொன்னால் மறு பேச்சுப் பேச மாட்டார்.

9. மனு கொடுத்தது நான் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். அபராதம் எதுவும் போட வேண்டாம். பெட்டிகளைப் பறிமுதல் செய்யவும் வேண்டாம். முகம்மது ரபீக் கடையில் பத்திரமாக இருக்கட்டும்.

10. கடைசியாக ஒன்று. தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு திரும்பும் நாளில் அந்தப் பெட்டிகளை அவர் மறுபடியும் மாட்டிக்கொள்ள ஐயா அனுமதிக்க வேண்டும். கோவில்பட்டியிலிருந்து உடைக்குளம் வரை எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு வரட்டும். அன்று எந்த இடி கேட்டாலும் நான் வத்தலை அள்ள மாட்டேன், வாசலில் நிற்பேன். இதை மாப்பிள்ளையிடம் சொல்ல எனக்கு வழக்கம் இடம் கொடுக்கவில்லை. தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

இடம்: உடைக்குளம்
நாள்: 04.03.2002

15ஆம் தேதியை எண்ணிக்கொண்டிருக்கும்,
கு. வெள்ளைத்தாய்
(ஒப்பம்)