இரண்டு முறை மூடியது

நாள் 212. 09:10
கயல்-1, சரக்குக் கலம். இதில் இருப்பது நான் ஒருத்திதான்: அமலோற்பவம், மென்பொருள் பொறியாளர். ஆறு நாள் தொலைவில் கயல்-2 பின்னால் வருகிறது. அதில் நாற்பத்தொரு பேர். காற்றழுத்தம் சரி. கணினியில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது.

நாள் 212. 11:40
காரணம் தெரிந்தது. கோப்பு, வால்வு, வானொலி, எதைத் திறந்தாலும் கணினி ஓர் எண் கொடுக்கும். மொத்தம் 1024 எண்கள். மூடினால் எண் திரும்பி வந்து, அடுத்துத் திறப்பதற்குப் போகும். காற்றுமானியைப் படிக்கும் நிரல் எண்ணை வாங்குகிறது, திருப்புவதில்லை. 1009 போய்விட்டன. தீர்ந்தால் எதுவும் திறக்காது.

நாள் 212. 15:05
எல்லா நிரல்களுக்கும் பொதுவான நிரல் நூலகத்தைத் திருத்தினேன். வேலை முடிந்ததும் மூடு. ‘மூடுவதில் இடையூறு’ என்று பதில் வந்தால் மறுபடி மூடு. எண்கள் திரும்புகின்றன. கயல்-2இலும் இதே நூலகம்தான். திருத்தத்தை அனுப்பினேன். அதன் மாலுமி செபத்தியானின் பதில்:
“ஏட்டி அமலி, வீட்டைப் பூட்டிட்டு தெருமுனை வரைக்கும் போயி, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பாக்கிறவதானட்டி நீ! நிரலும் அப்படியே எழுதிருக்க. சரி, நாளைக்குப் போட்டுருதேன்.”

நாள் 213. 10:20
அனுப்பும் வானொலி மூடியிருக்கிறது. நான் மூடவில்லை. கேட்க மட்டும் முடிகிறது.

நாள் 213. 10:52
நான்தான் மூடினேன். ‘இடையூறு’ என்று பதில் வந்தாலும் முதல் முறையிலேயே எண் திரும்பிவிடுகிறது. அந்த நொடியில் வானொலி அதே எண்ணை வாங்கியிருக்கிறது. என் இரண்டாவது மூடல் அதன் மேல் விழுந்தது.
திருத்தத்தை நீக்கப் போனேன். கட்டளைத் திரையும் அப்படியே மூடிக் கிடக்கிறது. எழுத முடிவது இந்தக் குறிப்பேட்டில் மட்டும்.

நாள் 213. 12:30
காற்று வால்வு மூடியது. அதற்குக் கைப்பிடி இல்லை. மென்பொருள் போதும் என்று கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

நாள் 213. 14:15
செபத்தியான்: “போட்டாச்சு அமலி. நல்லா ஓடுது. பிள்ளைக எல்லாம் சாப்பிட்டுட்டுத் தூங்குது. என்னட்டி, சத்தத்தையே காணோம்? பூட்டைப் பத்திச் சொன்னதுக்குக் கோவமா?”

நாள் 213. 14:50
தலை வலி. எழுத்து இரண்டிரண்டாய்த் தெரிகிறது. கோபம் இல்லை அண்ணே. இதை யார் எடுத்தாலும் முதலில் கயல்-2க்குச் சொல்லுங்கள். ஒருமுறை மூடினால் போதும். என்ன பதில் வந்தாலும் திரும்பிப் போய்