விளக்கை அணைத்த உயிரெழுத்து

சற்று முன் வாய்க்கால் பக்கமிருந்து வந்த காற்று சாமி விளக்கை அணைத்துவிட்டது. கருகிய திரியின் வாசனையோடு நீ வந்துவிட்டாய். இறந்த பிறகும் சொல்லாமல் வரும் பழக்கம் உன்னை விடவில்லை.

நாளை மறுநாள் பெங்களூரில் எனக்கு டச்சு மொழித் தேர்வு. தேறினால்தான் நெதர்லாந்தில் என் கணவரோடு குடித்தனம்; இல்லையென்றால் கைப்பேசியில்தான். என் பேச்சைக் கேட்கப்போவது ஒரு கணினி. முகம் சுளிக்கக்கூடத் தெரியாத ஒன்றுக்கு நான் இதற்குமுன் பயந்ததில்லை.

அந்த மொழியில் ஓர் ஒலி. நாக்கு ‘ஈ’ சொல்ல வேண்டும். உதடு ‘ஊ’ என்று குவிந்திருக்க வேண்டும். பன்னிரண்டு உயிரெழுத்தோடு நிம்மதியாக இருந்த வாய்க்கு வேண்டாத வேலை. நீயும் என்னோடு அதைப் படிக்க உட்கார்ந்தாய். எதிர்வீட்டில் இருந்துகொண்டு, கணவரைத் துபாயில் வைத்துக்கொண்டு, இது உனக்கு எதற்கு என்று கேட்டேன்.

“நீ ஃபெயிலாகுறத கிட்ட இருந்து பாக்கணும்டி.”

முதலில் உனக்குத்தான் வந்தது. “பொங்குற பாலை ஊதுவேல்ல, அப்படி வாய வச்சுக்க. உள்ளுக்குள்ள மட்டும் ஈன்னு சொல்லு.”

அது விளக்கு வைத்த நேரம். ஊதினேன். ஒலி முதன்முறையாகச் சரியாக வந்தது; எதிரே இருந்த விளக்கு அணைந்தது. எங்கள் வீட்டில் பூவால்தான் விளக்கைக் குளிர வைப்போம், வாயால் ஊத மாட்டோம். என் மாமியார் பதறி ஓடிவந்தார். “என்னம்மா பண்ணித் தொலைச்சே?”

“பாஸாயிட்டா அத்தை,” என்று விழுந்து விழுந்து சிரித்தாய் நீ.

அடுத்த வாரம் உனக்கு டெங்கு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் தானே நடந்துபோய் பஸ் ஏறியவளை, உயிரில்லாமல் ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

கொசுவுக்கும் உயிரெழுத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். சகுனத்தைக் கேலி செய்யும் புத்தகங்கள் அலமாரி நிறைய இருக்கின்றன. ஆனால் என் பகுத்தறிவு விளக்கு வைக்கும் நேரத்தில் கடையைச் சாத்திவிடுகிறது. உதட்டைக் குவித்ததுமே வாயை மூடிக்கொள்கிறேன். சொன்னால் அடுத்து யார்? இங்கே அத்தை, அங்கே அவர். வேறு ஆள் மிச்சமில்லை.

அத்தை விளக்கை மறுபடி ஏற்றினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு சுடரைச் சுற்றி இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டார்.

“ம், சொல்லு. நான் புடிச்சுக்கிறேன்.”

சொன்னேன். என் குரலும் சுடரும் நடுங்கின. விளக்கு அணையவில்லை.

“இதுக்கா அவ அன்னிக்கு அவ்வளவு சிரிச்சா?” என்றார் அத்தை. கண்ணைத் துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை.

பயம் போகவில்லை; ரயிலில் அதுவும் வரும். பெங்களூரில் சுடரை மறைக்க அத்தையின் கை இருக்காது. நான் கண்ணை மூடிக்கொண்டு, எங்கோ பால் பொங்குகிறது என்று நினைத்து, நீ காட்டியபடி வாயை வைத்துக்கொள்வேன்.