வலப்பக்கம் மூன்றாவது பெண்

ஜனவரி 19
நாளை மறுநாள் ரயில். விழுப்புரம் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று: என் மகள் ஜெனித் டெல்லி குடியரசு தின அணிவகுப்பில் என்.சி.சி. பெண்களோடு நடக்கிறாள். தென்னரசு கேட்டான், "எத்தினி வாட்டிண்ணே சொல்லுவ?" சொல்லுவேன்டா!

என் மனைவி லூர்துசெல்விக்கு முட்டி ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்தான். "டிவில கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிடுவா. நீ எம் பொண்ண முழுசா வீடியோ எடுத்துக்கினு வா" என்று அழுதாள்.

ஜனவரி 25, டெல்லி
குளிர், பல் கிட்டுகிறது. முகாமிலிருந்து ஜெனித் பேசினாள். "எல்லாரும் ஒரே மாதிரிதாம்ப்பா தெரிவோம். மூணாவது வரிசை, வலப்பக்கம் மூணாவது ஆளு."

ஜனவரி 26
வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தில்கூட இவ்வளவு ஜனத்தைப் பார்த்ததில்லை. வந்தார்கள். மூன்றாவது வரிசை, மூன்றாவது பெண். கடைசிவரை போனை இறக்கவில்லை. "என் தங்கமே!" என்று கத்தினேன். மாதாவே, நன்றி.

சாயங்காலம் வீடியோவை ஜெனித்துக்கு அனுப்பினேன். உடனே போன். "அப்பா, இது நான் இல்ல. நீங்க பாக்கறப்போ வலப்பக்கம்."

இருபது வருஷமாகத் தேர்த் திருவிழாவில் சப்பரம் தூக்குகிறேன். எங்களுக்கு வலது என்றால் மாதா சுரூபத்துக்கு வலதுதான், பார்க்கிறவனுக்கு இல்லை. அதே பழக்கத்தில் பார்த்துவிட்டேன். இவ்ளோ தூரம் வந்து பெத்த பொண்ணப் பாக்கலியே! லூர்துகிட்ட என்னான்னு சொல்லுவேன்?

ஜனவரி 27
நான் படமெடுத்தது மேகாலயாப் பெண்ணாம். முகாமில் ஜெனித்துக்குப் பக்கத்துக் கட்டில். பெயர் இபன்ஷிஷா. "அவங்கம்மா ஆஸ்பத்திரில இருக்காங்கப்பா. அவளப் பாக்க யாருமே வரல. வீடியோவ அவகிட்ட குடுத்தேன். அழுதுக்கினே இருக்கா."

என்னைத் திட்டிக்கொள்வதை நிறுத்தினேன்.

ஜனவரி 30
வீடு. லூர்துவிடம் ஒளிக்கவில்லை. "அறிவுகெட்ட மனுஷா" என்றாள். பிறகு வீடியோவை நான்கு முறை பார்த்தாள். "யாரு பெத்த புள்ளையோ, என்னா ஜோரா நடக்குது பாரு."

ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து இபன்ஷிஷாவின் அம்மா. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, என் பெயரைத் தவிர. இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம்.

பிப்ரவரி 1
நாளைய பூசையில் நன்றி சொல்லப் பெயர் கொடுக்கக் கோயிலுக்குப் போனேன். ஜெனித் என்று எழுதினேன். அதன் கீழே, எழுத்துக்கூட்டி, இன்னொரு பெயர்.

உபதேசியார் ஆன்டனி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இது யாருய்யா?"

"எங்க சின்னப் பொண்ணு, ஐயா" என்றேன்.