முழு மதிப்பெண்

என் மனைவியும் வாத்தியாரம்மாவுமான உனக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். நீ நச்சரித்தபடியே பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலைப் படிக்கிறேன். போன ஞாயிறு எங்கள் தொழிலாளர் விடுதி வகுப்பில் தொழிலாளர் உரிமைகள் பாடம். மதிய இடைவேளையை முதலாளி பறிக்கலாமா என்று ஆசிரியர் கேட்டார். நான் எழுந்து வெளுத்து வாங்கிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் நாங்கள் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் சூப்பர்வைசர், "துணி குவிஞ்சு கிடக்கு, இன்னைக்குச் சாப்பாட்டு நேரம் கிடையாது" என்றார். என்னோடு படிக்கும் நெட்டையன், "அது எங்க உரிமை சார்" என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "நீங்களே சொல்லுங்கண்ணே."

நான் போர்வையை மடித்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்றேன்.

அன்றே அவனைக் கொதிகலன் பக்கம், அந்த வெக்கைக்கு மாற்றிவிட்டார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, நீ கவலைப்படாதே. ஆனால் நேற்று வகுப்பில் அவன் வழக்கம்போல எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தான். கூனிக் குறுகிப் போனேன்.

அடுத்த முறை போனில் பேசும்போது பிள்ளைகள் சத்தம் போட்டால் அதட்டாதே, கொஞ்சம் கேட்டுக்கொள்கிறேன். வேலைக்கு வண்டி வந்துவிட்டது. பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தால் எனக்கு முழு மதிப்பெண்தான். பிள்ளைகளிடம் அதைப் பெருமையாகச் சொல்லிவிடாதே.

உன் மாணவன்