படையலுக்குக் கட்டிய புடவை

அன்புள்ள அத்தான்,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

தலைமுறைகளாகத் தமிழ் மறந்து மலாய் பேசும் பக்கத்து வீட்டுச் செட்டிப் பெண்மணி, நாம் பீபிக் என்று மரியாதையாக அழைக்கும் தேவகி, இன்று என் புடவையைத் திருப்பித் தந்தார். “வாயாங் கூத்து முடிஞ்சுதா? இனி நான் வழக்கம்போல என் கெபாயாச் சட்டையைப் போட்டுக்கலாமா?” என்று மலாயில் கேட்டுச் சிரித்தார்.

அவர் வீட்டுப் படையலைப் படமெடுக்க நீங்கள் கேமராவில் ஃபிலிம் மாட்டிக்கொண்டிருந்தபோது நான்தான் அவருக்குக் கட்டிவிட்டேன். படம் பார்ப்பவர்கள், இவர்களும் தமிழர்களா என்று கேட்டுவிடுவார்களோ என்று எனக்குத்தான் கூச்சம். படையலுக்குப் புடவை கட்டுவது இவர்கள் வழக்கம் என்று நீங்கள் மகிழ்ந்தீர்கள். அது என் வேலை என்பதை உங்களிடம் மறைத்துவிட்டேன்.

இவர்களை முதன்முதலில் படமெடுப்பவர் நீங்கள். இனி வருபவர்கள் இதையே நம்புவார்கள். மெர்டேக்கா சுதந்திர விழாவில் திரையிடும்முன் அந்தக் காட்சியை வெட்டிவிடுங்கள். பீபிக் முன்வரிசையில் உட்காரப் போகிறாராம்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

பாப்பாவின் அம்மா