பஸ்ஸின் தாழ்ந்த படி

கொல்லம் 1106 ஆடி 9, சனி.

இன்று தங்கம்மை என் மாட்டுவண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறி அருமனைக்கு மகள் வீட்டுக்குப் போனாள். கட்டினவளே போனபிறகு என் வண்டியில் ஏற இனி ஆளில்லை.

பஸ் வந்த புதிதில் எங்கள் ஊர் ஏற்றத்தில் தினமும் நின்றுவிடும். என் காளைகள்தான் இழுத்துவிடும். டிரைவர் செல்லையனை நான் சும்மா விடமாட்டேன்.

"ஏலே, கள்ளுக்கடையக் கண்டவன் மாதிரி ஒனக்க வண்டி தாகத்துல நிக்கு" என்றேன். மறுவாரம் பஸ்ஸில் தண்ணீர்த் தகரம் ஒன்று தொங்கியது.

மழைநாளில், "குளிப்பாட்டுகதுக்கும் சேத்துத்தான் சார்ஜ் வாங்குகியாலே?" என்றேன். பக்கத்துக்குப் படுதா வந்தது.

"கெழவிமாரு ஏற ஏணி எங்கலே?" என்று கேட்டேன். இந்த மாதம் தாழ்வாக ஒரு படி வைத்துவிட்டான்.

முழங்கால் வலிக்காரி தங்கம்மை அந்தப் படியில் கால் வைத்துச் சுளுவாக ஏறிவிட்டாள்.

"ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம ஏறுகியா?"

"ஒம்ம வண்டியில என்னத் தூக்கி வைக்க ரெண்டு ஆளு வேணும். இது நீரு கேட்டு வந்த படிதானே?"

செல்லையன் தலையை வெளியே நீட்டினான். "பாட்டா, இன்னும் என்ன கொறை? சொல்லும், செஞ்சிரலாம்."

பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அது நிற்காமல் ஏற்றம் ஏறிப் போய்விட்டது. சத்தம் கேட்டு எழுந்த காளைகள் அப்படியே நின்றன.

கோபம் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. கஞ்சி குடித்தேனா என்று நினைவில்லை.

திங்கட்கிழமை தங்கம்மை திரும்பி வருவாள். அந்தப் படி ஆடுகிறதா என்று கேட்க வேண்டும். ஆடினால் செல்லையனிடம் சொல்ல வேண்டும்.