மூன்றின் மடங்கெல்லாம் 153-க்கு

ஜூன் 4, 2025

பக்கவாதத்துக்குப் பிறகு என் கணவர் ஜேம்ஸ் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வலது கை அசையவில்லை. காபி வேண்டுமா என்றாலும் தலையாட்டுகிறார், விஷம் வேண்டுமா என்றாலும் தலையாட்டுகிறார். இரண்டாவதைக் கேட்டது நான்தான்.

ஜூன் 8

கொழுந்தன் மனோகரன் வந்தார். நசரத்பேட்டையில் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துக்கொள்ள ஒரு இல்லம் இருக்கிறதாம்.

"நீங்க ஸ்கூலுக்குப் போவீங்களா, இவரைப் பாப்பீங்களா அண்ணி? இவருக்கு இன்னா புரியப்போவுது?"

ஜேம்ஸ் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அதே நினைப்புதானோ?

ஜூன் 11

எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்கு 153 விளையாட்டைத் தயார் செய்தேன். மூன்றால் வகுபடும் எந்த எண்ணையும் எடுத்து, ஒவ்வொரு இலக்கத்தின் கனத்தையும், அதாவது அதையே மூன்று முறை பெருக்கி வருவதை, கூட்ட வேண்டும். வந்த விடையை மறுபடி அப்படியே. 24 என்றால் 8+64=72. பிறகு 343+8=351. பிறகு 27+125+1=153. அதற்கு மேல் நகராது. எதில் தொடங்கினாலும் இங்கேதான் வந்து நிற்கும்.

ஜேம்ஸ் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையில் பேனாவைக் கொடுத்து, "மூணால வகுபடுற நம்பர் ஒண்ணு எழுதுங்க" என்றேன். 48 என்று கோணலாக எழுதினார். தற்செயலாக இருக்கலாம்.

ஜூன் 12

81. 27. 306. எல்லாம் 153.

ஜூன் 14

இன்று 7 எழுதினார். போட்டுப் பார்த்தேன், 370-இல் போய் மாட்டிக்கொண்டது. "மூணால வகுபடணும்ங்க" என்றேன். 10 எழுதினார். பிறகு 11. பிறகு 25. ஒரு பக்கம் முழுக்க எழுதினார், ஒன்றுகூட வகுபடவில்லை.

நிமிர்ந்தேன். வாயின் இடது ஓரம் மேலே போயிருந்தது.

மனுஷன் என்னைக் கிண்டல் பண்ணிட்டு இருக்கார் — இவ்வளவு நாளா எல்லாத்தையும் கேட்டுட்டு — விஷம்னு சொன்னதையும்—

சாம்பார் அடிப்பிடித்தது.

ஜூன் 15

மனோகரனிடம் சொன்னேன். "கை போன போக்குல எழுதுறாரு. நீங்க மனசு ஒடிஞ்சு கீறீங்க அண்ணி."

உட்காரவைத்து அவரையே போடச் சொன்னேன். 45 எடுத்தார். 64+25=89 என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். ஜேம்ஸின் இடது கை நீண்டு அந்த 25-இன் மேல் விரலை வைத்தது. மனோகரன் தாளை இழுத்தார். விரல் நகரவில்லை.

"அஞ்சோட கனம் நூத்தி இருபத்தஞ்சு" என்றேன்.

மனோகரன் அடித்துத் திருத்தினார். 189. 1242. 81. 513. 153.

பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, ஜேம்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்குப் பின் முதல் முறையாக அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"அண்ணே... அன்னிக்கி நான் சொன்னத கேட்டுகினுதான் இருந்தியா?"

ஜேம்ஸ் தலையாட்டினார்.

ஜூலை 13

இன்னும் பேச்சு வரவில்லை. ஸ்பீச் தெரபிக்கு வரும் சுவேதா, நாளாகும் என்கிறாள்.

மாலையில் மனோகரன் ஆட்டோவோடு வந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

"அண்ணே, அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாமா?"

ஜேம்ஸ் குனிந்து கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடினார்.